மங்கிப்போன கண்ணாடி டம்ளர்கள்: என் அனுபவம்

எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர்தான்; கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகமுள்ள கடின நீர். டிஷ்வாஷரில் கழுவிய கண்ணாடி டம்ளர்களில் வெள்ளைப் படலம் நிற்கும். வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கீழே தண்ணீரை மென்னீராக்கும் பிளான்ட் வைத்த பிறகு வந்த மங்கல் வேறு மாதிரி. வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்தும் அசையவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் வானவில் போல லேசான நிறம். கண்ணாடியே அரித்துப் போயிருந்தது. அம்மா கொடுத்த ஆறு டம்ளர்கள். மனசு கேட்கவே இல்லை.

கடின நீரில் டிடர்ஜென்ட்டின் ஒரு பகுதி கால்சியம், மக்னீசியத்தைப் பிடிப்பதிலேயே செலவாகிவிடும். மென்னீரில் அந்த வேலை குறைவு. மிஞ்சும் காரமும் சூடும் சேர்ந்து கண்ணாடியை அரிக்கும். நானோ பழக்கத்தில் அதே டிடர்ஜென்ட் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரையில் அளவைக் குறைக்க வழியில்லை. அதனால் பவுடருக்கு மாறினேன். கண்ணாடிக்குப் பாதுகாப்பு என்று அட்டையில் போட்டதாகப் பார்த்து வாங்கி, பாதி அளவுதான் போடுகிறேன். மெஷினும் தன் பங்குக்குத் தண்ணீரை மேலும் மென்னீராக்காமல் இருக்க, அதிலுள்ள நீரின் கடினத்தன்மை அமைப்பையும் (செட்டிங்) குறைத்தேன். டம்ளர்களுக்கு 70 டிகிரி வேண்டாம், 45 முதல் 50 போதும்.

அரித்த டம்ளர்கள் இனித் தெளியாது. அப்புறம் வாங்கியவை எட்டு மாதமாகப் பளிச்சென்று இருக்கின்றன.