கண்காணிப்பு சர்வரும் காட்சித் திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் சிறு நிறுவனங்கள், கல்லூரிகள், தொழிற்பேட்டை ஆலைகள் எனப் பல இடங்களுக்கு நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் தேவைப்படுகிறது. ஸாபிக்ஸ் (Zabbix), மைக்ரோடிக் நிறுவனத்தின் டூட் (The Dude) ஆகிய இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களிலும் சர்வர் வேறு, அதைப் பார்க்கும் திரை வேறு. ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் அவற்றின் நிலை என்ன என்று அவ்வப்போது விசாரிப்பது, விடையைப் பதிவு செய்வது, எச்சரிக்கை அனுப்புவது எல்லாம் சர்வரின் பொறுப்பு. இந்தப் பிரிவினையை மறந்து நிறுவுவதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம்.

முதல் தவறு, சர்வரை அலுவலகத்தில் கணக்கு எழுதும் கணினியிலேயே நிறுவுவது. மாலையில் யாராவது அதை அணைத்துவிட்டால் கண்காணிப்பும் அத்தோடு நின்றுவிடும். இரவில் வில்லியனூர்ப் பக்கம் ஃபைபர் அறுந்தால் காலையில் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவரும். சர்வருக்கு எப்போதும் இயங்கும் தனிக் கணினி வேண்டும்.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது. சுவரில் மாட்டிய திரை பச்சையாக இருப்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புவது. ஸாபிக்ஸின் காட்சிப் பக்கம் தரவுத்தளத்திலிருந்துதான் தகவலை எடுத்துக் காட்டுகிறது என்பதால், விசாரிக்கும் சர்வர் நிரல் நின்றுபோனாலும் கடைசியாகப் பதிவான மதிப்புகள் திரையில் அப்படியே இருக்கும். சர்வர் இயங்கவில்லை, காட்டப்படும் தகவல் பழையதாக இருக்கலாம் என்று பக்கத்தின் அடியில் ஓர் எச்சரிக்கை வரும்; எட்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது படுவது அரிது. ஆகவே, ஒவ்வொரு மதிப்புக்கும் அருகில் அது கடைசியாகப் பதிவான நேரத்தைத் திரையில் காட்டுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் தரவு வராவிட்டால் அதையே பழுதாகக் கருதும் விதியையும் எழுதுங்கள். சர்வரே நின்றுவிட்டால் அந்த விதியும் ஓடாது என்பதால், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதற்கு வெளியே வேறொரு கணினி இருக்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டைச் செலவு என்று தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சர்வரின் போர்ட்டை (வெளியிலிருந்து இணையும் வாசலை) இணையத்தில் திறந்து வைப்பது அடுத்த தவறு. டூட் கிளையன்ட் (பார்க்கும் நிரல்), சர்வரோடு பேச, மைக்ரோடிக் ரவுட்டர்களை நிர்வகிக்கும் கருவியான வின்பாக்ஸின் 8291 போர்ட்டையே பயன்படுத்துகிறது. கடவுச்சொல் இல்லாமலேயே ரவுட்டரின் பயனர் விவரங்களை எடுத்துவிடக்கூடிய ஓட்டை 2018இல் அந்த வின்பாக்ஸில்தான் வெளிப்பட்டது. அது சரிசெய்யப்பட்டுவிட்டாலும் பாடம் மாறவில்லை. வெளியிலிருந்து வருபவர் விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனிப்பாதை வழியாகவே வரட்டும். சுவர்த் திரைக்கும் நிர்வாகியின் கணக்கைக் கொடுக்காமல், பார்க்க மட்டும் அனுமதி உள்ள கணக்கைக் கொடுங்கள்.

நேரமும் கவனிக்கத்தக்கது. சர்வர் உலகப் பொது நேரத்திலும் திரை இந்திய நேரத்திலும் இருந்தால், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் பழுதைத் தேட நேரிடும். வரைபடமும் பொய் சொல்லக்கூடும்: முழு அளவில் ஓடும் 1 ஜிகாபிட் இணைப்பில் கடந்துபோகும் பைட்டுகளைக் கணக்கிடும் 32 பிட் எண்ணி சுமார் 34 விநாடிக்கொரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிப்பவருக்கு அது புலப்படாது. 64 பிட் எண்ணியையே கேளுங்கள்.

நம் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. சர்வரை மட்டும் யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டு, அதற்குப் பாதை தரும் சுவிட்சைச் சுவர் பிளக்கில் விடுவது இத்தகைய நாளில் பயன்படாது. திரை அணைந்தால் நட்டமில்லை. மின்கலத்தின் சக்தி சுவிட்சுக்குப் போகட்டும். புதுச்சேரியில் சர்வரும் கடலூரில் கிளையும் இருந்தால், கிளையில் ஒரு ஸாபிக்ஸ் பிராக்சியை (சர்வருக்குப் பதிலாக அங்கேயே விசாரிக்கும் துணை நிரலை) வைத்தால் இடையில் இணைப்பு அறுந்தாலும் அது தகவலைச் சேர்த்து வைத்துப் பின்னர் அனுப்பும். ஆனால் சேமித்து வைக்கும் கால அளவு இயல்பாக 1 மணி நேரமே. அதை 720 மணி நேரம் வரை உயர்த்தலாம். எச்சரிக்கையையும் அறுந்த அதே இணைப்பின் வழியே அனுப்ப முடியாது என்பதால், சிம் போட்ட ஜிஎஸ்எம் மோடம் ஒன்றைச் சர்வரில் பொருத்திக் குறுஞ்செய்தி அனுப்பச் செய்து, மழைக்காலம் தொடங்குமுன் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு அது கைப்பேசிக்கு வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.