கூடத்தில் ஒரு வானொலி நாள்: 1950களின் பிபிசி நிகழ்ச்சிகளைக் குடும்பமாகக் கேட்கும் முறை

மாங்காய் மண்டிகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் மே மாதத்தில், கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீடு விடுமுறைக்கு வரும் பிள்ளைகளால் நிறைந்துவிடும். அத்தகைய நாட்களில் ஒன்றைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாமல், 1950களில் ஒரு பிரிட்டிஷ் குடும்பம் வானொலியோடு கழித்ததைப் போலக் கழித்துப் பார்த்தோம். அது எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால் மறு ஆண்டும் செய்தோம். செய்ய விரும்புவோருக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது கடிகாரம். எந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப நிகழ்ச்சிகளை அமைத்ததில்தான் அக்கால பிபிசியின் அருமை இருந்தது. ஆகவே கிடைத்த பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் அது வானொலி நாள் ஆகாது. உரிய நேரம் வரும்வரை பெட்டி மௌனமாக இருக்க வேண்டும். லண்டன் நேரத்தை இந்திய நேரமாக மாற்றிக் கணக்கிடவும் வேண்டாம். அங்கே காலை ஒன்பது மணிக்கு ஒலித்தது நம் கூடத்திலும் காலை ஒன்பதுக்கே ஒலிக்கட்டும்.

பழைய வானொலிப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் காப்பகங்களில் தேடி, ஒரு வாரம் முன்பே இறக்கி, நேர வரிசைப்படி ஒரு பென் டிரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்தடையை எண்ணி, சார்ஜ் ஏற்றிய ஸ்பீக்கர் ஒன்றைக் கூடத்தின் நடுவில் வையுங்கள். ஒன்று மட்டும் போதும், ஏனென்றால் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்வதுதான் நோக்கம். மொழிக்கும் ஆயத்தம் வேண்டும். அந்நாளைய ஆங்கில உச்சரிப்பு நம் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பாகப் பெரியவர் ஒருவர், யார் யார் பேசுகிறார்கள், கதை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சி ஓடும்போது இடையில் நிறுத்தி விளக்குவதை நான் ஏற்பதில்லை. கேட்கும் சுவை அங்கேயே கெட்டுவிடும்.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு, இல்லத்தரசிகள் கேட்டு எழுதிய பாடல்களை ஒலிபரப்பிய 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்' நிகழ்ச்சியின் நேரம். நம் நேயர் விருப்பத்தை ஒத்தது என்பதால், அக்காலப் பாடல்கள் சிலவற்றை எடுத்து, வீட்டுப் பெண்கள் முன்னாளே எழுதித் தந்த சீட்டுகளைப் படித்துப் போடலாம். பத்தரைக்கு, 1940இல் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காகத் தொடங்கிய 'மியூசிக் வைல் யூ வர்க்'. கை வேலையின் வேகம் குறையாதபடி அரை மணி நேரம் இடைவிடாது இசை வரும். சமையலறையில் களி கிண்டும் நேரத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

பிற்பகல் 1.45 சிறு குழந்தைகளுக்கு உரியது. 1950 ஜனவரியில் தொடங்கிய 'லிசன் வித் மதர்' கால் மணி நேரமே நடக்கும், "வசதியாக உட்கார்ந்தாயிற்றா? அப்படியானால் தொடங்குகிறேன்" என்ற பொருள்படும் ஆங்கில வரியோடு கதை ஆரம்பமாகும். அந்நாளைய நிகழ்ச்சிகள் பல சேமிக்கப்படாமல் காற்றோடு போய்விட்டன. இதிலும் மிகச் சிலவே கிடைக்கும். ஆகவே இந்த ஒரு வேளையில் மட்டும், பாட்டியோ அத்தையோ கதவுக்குப் பின்னால் அமர்ந்து குரல் மட்டும் வரும்படி ஒரு தமிழ்க் கதை படிக்கட்டும். எங்கள் வீட்டுச் சின்னவள் கதவைத் திறந்து பார்க்காமல் கதை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மாலை ஐந்து மணி வரை இடைவெளி விட்டு, அப்போது சற்றுப் பெரிய பிள்ளைகளை ஒலிகள் செய்ய வையுங்கள். காய்ந்த கொட்டாங்கச்சி இரண்டைத் தட்டினால் குதிரைக் குளம்பு; கண்ணாடித் தாளைக் கசக்கினால் நெருப்பு; தகரத்தை உலுக்கினால் இடி. வானொலிக் கூடங்களில் உண்மையில் இப்படித்தான் செய்தார்கள். இதன் பின் 'கூன் ஷோ' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியைக் கேட்டால், சொல் விளையாட்டு புரியாவிட்டாலும் வெடிக்கும், ஓடும், வழுக்கி விழும் ஓசைகளுக்கே பிள்ளைகள் சிரிப்பார்கள். அதை எழுதிய ஸ்பைக் மில்லிகன் 1918இல் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் பிறந்தவர் என்பதையும் சொல்லுங்கள்.

மாலை 6.45 பெரியவர்களுக்கானது. 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்துத் தொடர் 1951 ஜனவரி 1 அன்று நாடு முழுவதற்குமாக ஒலிபரப்பாகத் தொடங்கி, இன்றும் நடக்கிறது. போருக்குப் பின் உணவுப் பங்கீடு நீடித்த நாட்டில், விளைச்சலைப் பெருக்கும் வழிகளைக் குடும்பக் கதையினூடே உழவரிடம் சேர்ப்பதே அதன் தொடக்க நோக்கம். திருச்சி வானொலி வழியாக அறிந்த ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்ததை நினைத்தால், இந்நோக்கம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் வைத்திருப்பவர்களுக்கு நிகழ்ச்சிக்குப் பின் பேச நிறைய இருக்கும். அந்தப் பேச்சுக்கு முக்கால் மணி நேரமாவது விடுங்கள்.

இரவு உணவு முடிந்ததும் பாயோடு மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, சார்லஸ் சில்ட்டன் எழுதி 1953இல் தொடங்கிய 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்' தொடரைப் போடுங்கள். மனிதர் நிலவுக்குச் செல்வது அதன் முதற் கதை. உண்மையில் மனிதர் அங்கே இறங்கியது 1969இல்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். ஒவ்வொரு பகுதியும் ஆபத்தான கட்டத்தில் நின்றுவிடும். அடுத்ததைப் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள், போடாதீர்கள். அன்று அந்தக் குடும்பங்கள் ஒரு வாரம் காத்திருந்தன. நாங்கள் மறுநாள் இரவு வரை காக்க வைத்தோம்.