கல்லாவில் உட்காரும் முன் ஸ்டாக் எண்ணிப் பழகுங்கள்

சின்ன ஊரில் ஒரு கஃபே போடவேண்டும் என்று ஆசையா? சரி, ஆனால் அதற்கு முன் வேறொருவர் கடையில் இரண்டு வருடமாவது சம்பளத்துக்கு வேலை பாருங்கள், அதுவும் மேனேஜராக அல்ல, பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து. எந்தத் தட்டு பாதி சாப்பிட்டுத் திரும்பி வருகிறது என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். அப்புறம் சப்ளை, அப்புறம் பில் போடுவது. கேஷில் ஆறு மாதத்துக்கு மேல் உட்காரவேண்டாம், அங்கே கற்க அவ்வளவு இல்லை.

மேனேஜர் பதவிக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு என்றால் அது ஸ்டோர், அதாவது சரக்கு வைக்கும் அறைதான். மாதக் கடைசியில் இரவு உட்கார்ந்து ஸ்டாக் எண்ணும் வேலையை யாரும் விரும்புவதில்லை, அதை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் மேலே வந்தேன். நான் வேலை பார்த்த கடையில் பால் கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது, புதிதாகச் சேர்ந்த பையன் எடுத்துப் போகிறான் என்று முதலாளிக்குச் சந்தேகம். ஒரு நாள் முழுக்க காபி மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோப்பைக்கு 150 மில்லி போதும், ஜக்கில் ஊற்றுவது 200. மிச்சம் 50 மில்லி சிங்க்குக்குப் போகிறது. ஒரு நாளைக்கு 60 கோப்பை என்றால் 3 லிட்டர்! ஜக்கின் உள்பக்கம் ஒரு கோடு கீறி வைத்தோம், பிரச்சினை முடிந்தது. பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது வேறு கதை.

ஷிப்ட் பொறுப்பு கைக்கு வந்ததும் ஆட்களோடுதான் உங்கள் பாதி நாள் போகும். யார் எந்த நேரம் வேலைக்கு வரவேண்டும் என்பதை ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் போன் போட்டுக் கூப்பிடும் கடையில் நல்ல ஆள் தங்கமாட்டார்.

சொந்தக் கடைக்கு வருவோம். சின்ன ஊரில் வருகிற முகங்களே திரும்பத் திரும்ப வரும், அதனால் மெனுவை நீட்டவேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் என்ன செலவாகிறது என்று கிராம் கணக்கில் எடை போட்டு எழுதுங்கள். சரக்குச் செலவு விற்பனை விலையில் 30 சதவீதத்தைச் சுற்றி நின்றால் மூச்சு விடலாம், 40-ஐத் தாண்டினால் வாடகையும் சம்பளமும் உங்கள் பையிலிருந்துதான் போகும். பிறகு மெனு பற்றிப் புத்தகம் எழுதிய கசவானா, ஸ்மித் என்ற இருவர் 1982-இல் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நன்றாக விற்று லாபமும் தருவது, விற்றும் லாபம் குறைவானது, லாபம் இருந்தும் விற்காதது, இரண்டுமே இல்லாதது என்று மெனுவை நாலாகப் பிரிக்கவேண்டும். கடைசி வகையைத் தூக்கிவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த ஐட்டம் அதில்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் கிருமி வேகமாகப் பெருகும், சமைத்ததை மேடையில் மறந்து வைத்தால் நடப்பது அதுதான். புதுச் சரக்கைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் இழுத்து வைக்கப் பழக்குங்கள். காபி மெஷினைத் தினமும் மூடும்போது கழுவவேண்டும், காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு நல்ல கொட்டை வாங்கினாலும் கசக்கும்.

வாடிக்கையாளர் பெயரை நினைவில் வைப்பது, கூட்டம் இல்லாத பகல் நேரத்தில் விளக்கை அணைப்பது எல்லாம் தானாக வந்துவிடும். ஆறு மாதம் ஆனதும் இரண்டு நாள் போனை எடுக்காமல் வெளியூர் போய்விட்டு வாருங்கள். திரும்பி வந்தவுடன் கல்லாவைத் திறக்கவேண்டாம், நேரே ஸ்டோருக்குப் போய் ஸ்டாக்கை எண்ணுங்கள். கணக்கு இடிக்காமல் இருந்தால் இரண்டாவது கடை பற்றிப் பேசலாம்.