வருஷ புரோகிராம் வந்ததும் நடைக்கு முதல்ல பேர் கொடுங்க

மரபுக் குழுவோட வருஷ புரோகிராம் கைக்கு வந்த அன்னைக்கே நடைப்பயணம், வெளியுலா மாதிரி இருக்கறதுக்கு மட்டும் உடனே பேர் கொடுத்துடுங்க, பேச்சு நிகழ்ச்சிய அப்புறம் பாத்துக்கலாம். சிங்கப்பூர் தேக்காவுல கடைகளுக்கு முன்னாடி இருக்கற ஐந்தடி நடைபாதைல ஒரு வழிகாட்டி பின்னாடி எத்தன பேர் நிக்க முடியும், குரலும் எட்டணும்ல, அதான் நடைக்கு இடம் கம்மி சீக்கிரம் முடிஞ்சிடும், பேச்சுக்கு ஹால்ல நாலு நாற்காலி கூட போட்டா போதும். ரெண்டு தேதி கொடுத்திருந்தா பிப்ரவரி தேதிய எடுங்க, நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் மழை அதிகம், புக்கிட் பிரவுன் கல்லறைப் பக்கம்லாம் ஒரே சேறு, ஷூ காலி (என் வெள்ளை ஷூ இப்ப வெள்ளை இல்ல).

குலுக்கல்ல ஆள் எடுக்கற குழுன்னா முதல்ல கொடுத்தாலும் கடைசில கொடுத்தாலும் ஒண்ணுதான், அவசரப்பட வேணாம். கேம்பல் லேன்ல 2015ல திறந்த இந்திய மரபுடைமை நிலையத்து நிரந்தரக் காட்சிக்கூடத்துக்கும் இப்படி முன்னாடியே பேர் கொடுக்கத் தேவையில்ல, சிட்டிசன் இல்ல பிஆர்னா (நிரந்தரவாசி) இலவசம், தோணும்போது போய்க்கலாம், திங்கக்கிழமை மட்டும் வேணாம், மூடியிருக்கும்.