கடலோரக் கட்டடத்துக்கு ஏசிபி ஷீட்: கலர் கார்டைக் கடைசியில் திறவுங்கள்

கட்டடத்தின் முகப்பில் பொருத்தும் ஏசிபி என்ற அலுமினியப் பலகை வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் நீட்டுவது கலர் கார்டு. வாங்க வந்தவரும் அதிலேயே மூழ்கிப்போகிறார். சந்தன நிறமா, மரரேகை போட்டதா, பளபளக்கும் வெள்ளியா என்று குடும்பமே கூடி விவாதிக்கிறது. கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த நிறம் எந்தப் பூச்சில் வருகிறது, அந்தப் பூச்சு உங்கள் சுவரில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பது முதலில் முடிவாகட்டும். எலிவேஷன், அதாவது முகப்பு வேலைக்குப் புதியவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: ஷீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கோ தாதுப்பொடி கலந்த கலவையோ வைத்து ஒட்டியதுதான் ஏசிபி. நடுவில் இருப்பதைக் கோர் என்பார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 8 அடிக்கு 4 அடி ஷீட். மொத்தத் தடிமன் 3 அல்லது 4 மில்லிமீட்டர். தகடு மட்டும் 0.25 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். தகடு சுருளாக இருக்கும்போதே ஆலையில் அதன்மேல் பூச்சைத் தடவி, சூட்டில் இறுகவைத்துவிடுகிறார்கள். அந்தப் பூச்சின் தடிமன் மைக்ரான் கணக்கில்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெயிலோடும் உப்போடும் மல்லுக்கு நிற்பது அந்தச் சில மைக்ரான்கள்.

பில்லில் 'பிஇ' என்று எழுதியிருந்தால் பாலியெஸ்டர் பூச்சைச் சொல்கிறார்களா, பாலிஎத்திலீன் கோரைச் சொல்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே சுருக்கம் புழங்குகிறது, ஆனால் இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். பூச்சு வெயில் மழைக்கானது. தீ விஷயத்தில் கோரைத்தான் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ சுவர் வழியே மேலேறிப் பரவியதற்கு முக்கியக் காரணம் பாலிஎத்திலீன் கோர் கொண்ட பலகைகள். எவ்வளவு உயர்ந்த பூச்சு வாங்கினாலும் அந்தக் குறை தீராது. மாடிக் கட்டடம் என்றால் தீ தாங்கும் கோரைத் தனியாகக் கேட்டு, அதற்கான சோதனைச் சான்றையும் வாங்குங்கள்.

படி 2: கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நான்கு பக்கமும் நடந்து பாருங்கள். கடல் நமக்குக் கிழக்கே. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ, புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களிலோ கிழக்குச் சுவர் உப்புக்காற்றை நேராக வாங்குகிறது. உள்ளே போகப் போக உப்பின் அளவு வேகமாகக் குறையும். வில்லியனூரில் கட்டுகிறவருக்கு உப்பைவிட வெயில்தான் பெரிய எதிரி. தெற்கு, மேற்குச் சுவர்களில் வெயில் அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் ரசாயன வாடையும் கணக்கில் சேரும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போர்டிகோவின் அடிப்பக்கம், சன்ஷேடுக்குக் கீழே, பெயர்ப்பலகையின் உட்குழிவு: மழை படாததால் இவை பத்திரம் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. திறந்த சுவரில் படிந்த உப்பை மழை கழுவிவிடுகிறது. மறைவிடத்தில் அது சேர்ந்துகொண்டே போகிறது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, வெட்டிய விளிம்பு வழியாகப் பூச்சுக்கு அடியில் புகுந்து தகட்டை அரிக்கிறது. நம் பக்கத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் திறந்த சுவருக்கே குளியல் அரிது. மறைவிடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாளில் இவற்றை வட்டமிடுங்கள்.

அந்த எலிவேஷன் எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கடலூர் லாரன்ஸ் ரோட்டில் வாடகைக்கு எடுத்த கடைக்கும் சொந்த வீட்டுக்கும் விடை ஒன்றாக இருக்காது.

படி 3: பூச்சைத் தேர்ந்தெடுங்கள்

பாலியெஸ்டர் விலை குறைவு, நிறங்கள் ஏராளம், பளபளப்பும் நன்றாக இருக்கும். ஆனால் புற ஊதாக் கதிர் அந்த ரெசினை, அதாவது பூச்சைப் பிடித்து நிறுத்தும் பிசினைச் சிதைக்கிறது. முதலில் பளபளப்பு மங்கும். பிறகு விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். அதற்காக இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். கடையின் உட்சுவர், உள்கூரை, சில ஆண்டுகளில் மாற்றப்போகும் பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு இதுவே போதும். உட்சுவருக்கும் விலை உயர்ந்த பூச்சு வேண்டும் என்று வற்புறுத்துகிறவர் உங்கள் சுவரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வெளிச்சுவர், நீண்ட காலம் என்றால் பிவிடிஎஃப் என்ற ஃப்ளூரின் ரெசின் பூச்சு. இதில் கார்பனும் ஃப்ளூரினும் மிக வலுவாகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை வெயிலின் புற ஊதாக் கதிர் எளிதில் உடைக்க முடியாது. கட்டடப் பூச்சாக இது 1960களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. கைனார் 500, ஹைலார் 5000 என்பவை இந்த ரெசினின் வணிகப் பெயர்கள். 'பிவிடிஎஃப்' என்று சொன்னதும் தலையாட்டாதீர்கள். ரெசினில் அதன் பங்கு 70 சதவீதமா என்று கேளுங்கள். மீதி 30 சதவீதம் அக்ரிலிக்காக இருப்பதுதான் நம்பகமான கலவை. பங்கு குறைந்தாலும் பெயர் மட்டும் மாறாமல் இருக்கும். இதற்கும் குறைகள் உண்டு. கீறல் எளிதில் விழும், கண்ணாடிப் பளபளப்பு வராது.

பளபளப்பும் ஆயுளும் சேர்ந்தே வேண்டும் என்கிறவர்களுக்கு எஃப்இவிஇ இருக்கிறது. 1980களில் ஜப்பானில் வந்த மற்றொரு ஃப்ளூரின் ரெசின், விலை அதிகம். 'நானோ' என்று விற்பது பெரும்பாலும் அழுக்கு ஒட்டாத மேலடுக்கு. அதன் அடியில் பாலியெஸ்டரா, பிவிடிஎஃப்பா என்பதே கேள்வி. மரரேகை, மார்பிள் ஷீட்டுகளுக்கும் இதே கேள்விதான்.

என் கணக்கு இது: கடலைப் பார்த்த சுவருக்கும் வட்டமிட்ட மறைவிடங்களுக்கும் மூன்று அடுக்கு பிவிடிஎஃப், ஊருக்குள் இருக்கும் வெளிச்சுவருக்கு இரண்டு அடுக்கு, உள்ளே பாலியெஸ்டர். ஒரே கட்டடத்தில் இரண்டு வகை வாங்குவதில் தவறில்லை. நிறம் பொருந்துகிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சொன்னதைச் சரிபாருங்கள்

கண்ணால் பார்த்துப் பூச்சைக் கண்டுபிடிக்க முடியாது. ரெசின் எது என்பதை ஆய்வகத்தில் அகச்சிவப்புச் சோதனைதான் சொல்லும். தடிமனை மட்டும் கடையிலேயே அளக்கலாம். கார் பெயின்ட் சரிபார்க்கப் பயன்படும் சிறு கருவி போதும்; அலுமினியத்தின் மேல் அளக்கக்கூடியதா என்று பார்த்து எடுங்கள். இரண்டு அடுக்கு பிவிடிஎஃப் 25 மைக்ரான் அளவிலும், மூன்று அடுக்கு 30க்கு மேலும் வர வேண்டும். 16, 18 என்று காட்டினால் அது பாலியெஸ்டராக இருக்கவே வாய்ப்பு.

தரவுத் தாளில் ஏஏஎம்ஏ எண்ணைத் தேடுங்கள்; அது கட்டடப் பூச்சுகளுக்கான அமெரிக்கத் தர எண். அமெரிக்காவின் தெற்கு ஃப்ளோரிடா வெயிலில் 2603 தரத்துக்கு 1 ஆண்டும், 2604க்கு 5 ஆண்டும், 2605க்கு 10 ஆண்டும் நின்று காட்ட வேண்டும். கடற்கரைச் சுவருக்கு 2605ஐக் கேளுங்கள்.

உத்தரவாதச் சீட்டில் பெரிய எழுத்தில் உள்ள ஆண்டுகளைவிடச் சின்ன எழுத்தில் உள்ள விலக்குகளே முக்கியம். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள கட்டடங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி இருந்தால், தேவனாம்பட்டினத்துக்காரருக்கு அந்தச் சீட்டு வெறும் காகிதம்.

படி 5: இப்போது கலர் கார்டு

பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரிம நிறமிகளால் வருபவை, சீக்கிரம் வெளுக்கும். மண் நிறங்கள், சாம்பல், வெள்ளை நெடுநாள் நிற்கும். அடர்நிறம் சூட்டை அதிகம் இழுக்கும். 2.4 மீட்டர் பலகை 40 டிகிரி வெப்ப ஏற்ற இறக்கத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். இடைவெளி விடாவிட்டால் வயிறு தள்ளும். மெட்டாலிக் நிறம் என்றால் பாதுகாப்புப் படலத்தில் உள்ள அம்புக்குறிகள் எல்லா ஷீட்டிலும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று திரும்பினாலும் அந்தப் பலகை வேறு நிறமாகத் தெரியும். முழு அளவையும் ஒரே பேட்சில் வாங்குங்கள்.

படி 6: பொருத்தும்போதும் பிறகும்

பூச்சு காற்றைத் தடுக்காது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறிய பகுதி இது. உள்ளே இருக்கும் சட்டமும் ரிவெட்டும்தான் பலகையைப் பிடித்து நிறுத்தும். அலுமினியச் சட்டம் நல்லது. சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால் துருநீர் பூச்சின் மேல் வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்லுங்கள். பலகைகளின் இடைவெளியை அடைக்க நியூட்ரல் சிலிக்கான் பசை மட்டும். புளித்த வாடை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும்.

வேலை முடிந்ததும் பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் பசை பூச்சோடு ஒட்டிக்கொண்டு வராது. அதன் பிறகு மழையில்லாத மாதங்களில் அவ்வப்போது நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவுங்கள். போர்டிகோவின் அடிப்பக்கத்தை முதலில். கழிவறை ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், கம்பி நார் எதுவும் அருகில் வரக்கூடாது.