பழைய காசில் வருடம் தெரியவில்லையா? ஆசிட் வைப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கோயமுத்தூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு ஃபெரிக் குளோரைடு தெரியாமல் இருக்காது. பிசிபி போர்டில், அதாவது மின்சுற்றுப் பலகையில், வேண்டாத செம்பைக் கரைக்கக் கடையில் பொட்டலமாக வாங்கி, தண்ணீரில் கலக்கி, வீட்டு டப்பா ஒன்றை நாசம் செய்து, விரலெல்லாம் மஞ்சள் கறையோடு அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்போம். காசு சேகரிப்பவர்கள் ஆசிட் என்று சொல்லும் அதே கரைசலை வைத்துத்தான் தேய்ந்துபோன காசில் வருடத்தை வரவழைக்கிறார்கள். நானும் வரவழைத்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமன் ஒருத்தர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எட்டு பஃபலோ நிக்கல் கொண்டுவந்து கொடுத்தார். 1913 முதல் 1938 வரை அடித்த ஐந்து சென்ட் காசு. ஒரு பக்கம் அமெரிக்கப் பழங்குடி ஆளின் தலை, மறுபக்கம் காட்டெருமை. வருடத்தை அந்த ஆளின் தோள்பட்டையில், காசிலேயே மேடான இடத்தில் வைத்துவிட்டார்கள். கைமாறக் கைமாற முதலில் தேய்வது அதுதான். எட்டில் ஒன்றில்கூட வருடம் இல்லை.

பட்ஸை நனைத்து ஒரு காசின் தோள்பட்டையில் ஒரு சொட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு 1, பக்கத்தில் ஒரு 9, கடைசியில் 1919 என்று முழுசாகவே வந்துவிட்டது. மாயாஜாலம் ஒன்றும் கிடையாது. அச்சு ஓங்கி விழும்போது எழுத்து இருக்கும் இடத்தில் உலோகம் நகர்ந்து இறுகுகிறது, மேலே தேய்ந்து மொழுக்கென்று ஆனாலும் உள்ளே அந்த இறுக்கம் மிச்சமிருக்கிறது, அமிலம் அந்த இடத்தை ஒரு வேகத்திலும் சுற்றியுள்ள இடத்தை வேறு வேகத்திலும் அரிப்பதால் எண் கண்ணுக்குத் தெரிகிறது. ராவி அழித்த சேசிஸ் நம்பரைத் தடயவியல் ஆட்கள் கண்டுபிடிப்பதும் இதே தத்துவத்தில்தான்.

வாரக் கடைசியில் நாணயக் கண்காட்சி ஒன்றுக்கு எடுத்துப் போனேன். வியாபாரி லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "ஏந்தம்பி, ஆசிட் வெச்சீங்களாக்கும்?" என்றார். தோள்பட்டையில் மட்டும் சொரசொரவென்று, தேமல் விழுந்த மாதிரி ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் பழைய காசின் இயல்பான மங்கல். யார் பார்த்தாலும் தெரியும், நான்தான் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருடம் வந்துவிட்டது, இனி அந்த வருடக் காசின் விலை கிடைக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. விலைப்பட்டியலில் போட்டிருப்பது தானாகவே வருடம் தெரியும் காசுக்கு. அமிலம் வைத்தது சேதமான காசுக் கணக்கில் போகும், தரச் சான்று கொடுப்பவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். வருடத்தின் கடைசி எண்ணில் 7ன் மேல் 8 பதிந்த, டென்வர் நாணயச்சாலையில் அடித்த 1918 காசு மாதிரி அபூர்வம் ஏதாவது வெளிப்பட்டால், ஆசிட் வைத்தது என்று தெரிந்தே வாங்க ஆள் உண்டு, ஆனால் நல்ல காசின் விலையில் ஒரு சிறு பங்குதான் தருவார்கள். சாதாரண வருடம் என்றால் வருடமில்லாத காசுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு சங்கதி, வந்த எண் நாளடைவில் மங்கிப்போகலாம். உடனே இன்னொரு சொட்டு வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் திட்டு ஆழமாகும், எண் வரவேண்டிய அந்த இறுகிய உலோகமே கரைந்துவிடும்.

நம் ஊர்க் காசில் இதைச் செய்வது இன்னும் மோசம். பஃபலோ நிக்கலில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல் கலந்த உலோகம், கொஞ்சம் தாங்கும். அப்பாரு பெட்டியிலிருக்கும் காலணா வெறும் செம்புக் கலவை. செம்பைக் கரைக்கவே விற்கிற சரக்கை அதன் மேல் வைத்தால் என்ன ஆகும்? நூறு வருடத்துப் பழுப்பு போய் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு பள்ளம் விழும். வெள்ளி ரூபாயில் சாம்பல் படலம் படியும்.

அதிலும் விக்டோரியா ரூபாயில் வருடத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. 1862 என்று போட்ட ரூபாயைப் பல வருடம், 1874 வரைக்கும், அதே தேதியோடு அடித்தார்கள். பம்பாயில் அடித்ததில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும், எந்த வருடத்துக் காசு என்பதைச் சேகரிப்பவர்கள் அவற்றை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். அந்தப் பக்கம் அமிலம் வைத்தால் முதலில் போவது அந்தப் புள்ளிகள்தான்.

ஆசிட் வேண்டாம் என்றால் புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலீஷ் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் செப்புக் காசுகளைக்கூட வில் அம்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் தேட வருடமே கிடையாது, கொஞ்சம் பச்சைப் படலம்தான் இருந்திருக்கும், அதுவும் போச்சு.

சரி, வருடம் தெரியாவிட்டால் என்ன செய்வது? இருட்டறையில் காசை வைத்து, டார்ச்சைக் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்து, லென்ஸில் பார்த்துக்கொண்டே காசைத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் இல்லாத எண் நிழலில் தெரியும். அப்படியும் வரவில்லையா, முகத்தையும் எழுத்தையும் பாருங்கள். விக்டோரியா பெயரோடு குயின் என்றிருந்தால் 1876 வரைக்கும் உள்ள காசு, எம்பிரஸ் என்றிருந்தால் 1877க்குப் பிறகு. கிரீடமில்லாத ஏழாம் எட்வர்டு மன்னர் தலை என்றால் 1903 முதல் 1910க்குள். சரியான வருடம் வராவிட்டாலும் காசு சேதமில்லாமல் கையில் இருக்கும்.

ஏற்கெனவே ஆசிட் வைத்துவிட்டீர்கள் என்றால், விற்கும்போது சொல்லிவிட்டே விற்றுவிடுங்கள். வாங்கினவர் எப்படியும் கண்டுபிடிப்பார், அப்புறம் உங்களிடமிருக்கும் நல்ல காசையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

அன்றைக்கு அந்த வியாபாரி மீதி ஏழு காசையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றை மட்டும் தனியே நகர்த்தி, எருமையின் காலடியைக் காட்டினார். மற்ற ஆறில் எருமை நேர்கோட்டின் மேல் நிற்கிறது, இதில் மண்மேட்டின் மேல் நிற்கிறது. அந்த மேடு 1913ன் முதல் அச்சில் மட்டும்தான், அந்த வருடமே மாற்றிவிட்டார்கள். ஒரு சொட்டுகூட வைக்காமல் வருடம் தெரிந்த காசு அது ஒன்றுதான்.