மூக்கின் வழி பின்பக்கம்: கழுவுவதும் மருந்து அடிப்பதும் எப்படி

மூக்குக்கு மருந்து அடிக்கக் கொடுத்தால் அநேகம் பேர் தலையை அண்ணாந்து, போத்தலின் நுனியைப் புருவத்தைப் பார்த்துப் பிடிக்கிறார்கள். வெளியே மூக்கு மேல்நோக்கி ஏறி நிற்பதால் உள்ளே இருக்கும் வழியும் மேலேதான் போகிறது என்று நினைக்கிறோம். துவாரத்துக்குள் நுழைந்ததும் அந்த வழி நேரே பின்பக்கம் போய்த் தொண்டையின் மேற்பகுதியில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தில் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் தாதியாக நின்ற காலம் முழுவதும் நான் அதிகம் விளங்கப்படுத்தியது இதைத்தான். கழுவுவது, மருந்து அடிப்பது, இரத்தம் வந்தால் பிடிப்பது எல்லாமே இது விளங்கினால் சுலபமாகிவிடும்.

ஒரு விரலை மூக்குத் துவாரத்தின் அடியிலும் இன்னொரு விரலைக் காதுத் துவாரத்துக்கு முன்னாலும் வையுங்கள். இரண்டு விரலுக்கும் இடையே மனதில் ஒரு கோடு போடுங்கள். மூக்கின் தளம் ஏறக்குறைய அந்தக் கோட்டின் போக்கில்தான் இருக்கிறது. நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பாருங்கள். அதற்கு மேலே இருப்பது மூக்கின் தளம். 2020, 2021இல் கொரோனாவுக்குப் பிசிஆர் எடுத்த ஆக்களுக்கு அந்தக் குச்சி எவ்வளவு தூரம் போனது என்பது மறந்திருக்காது. அது மேலே போகவில்லை, தளத்தோடு பின்னால் போனது. சாப்பிட முடியாத நோயாளிக்கு மூக்கால் குழாய் விடும்போதும் நாங்கள் அப்படித்தான் விடுவோம். மேலே தள்ளினால் குழாய் முட்டிக்கொண்டு நிற்கும், நோயாளிக்கும் நோகும்.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மணத்தை அறியும் நரம்புகள் இருக்கின்றன. அவை நுழையும் எலும்பு மிக மெல்லியது, துளைகள் உள்ளது. அதற்கு அந்தப் பக்கம் மூளை. அதனால் மூக்குக்குள் எதையும் மேல்நோக்கிக் குத்தக் கூடாது.

கண்ணாடியும் ரோர்ச்சும்

இனி உங்கள் மூக்கையே பாருங்கள். வெளிச்சம் உள்ள இடத்தில் கைக்கண்ணாடி ஒன்றைப் பிடித்து, மூக்கு நுனியை விரலால் மெல்ல மேலே தூக்கி, ரோர்ச் அடியுங்கள். நடுவில் தெரிவது நடுச்சுவர். அது முழு நேராக இருப்பவர்கள் குறைவு. ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். வெளிப்பக்கச் சுவரில் இளஞ்சிவப்பாக, ஈரமாக ஒரு சதை உருண்டு தெரியும். ‘மூக்குக்குள் சதை வளர்ந்திட்டுது’ என்று பதறி வரும் ஆக்களில் பலர் கண்டது இதைத்தான். டேர்பினேட் என்று டொக்டர்மார் சொல்லும் மடிப்பு அது. ஒவ்வொரு பக்கமும் மேல், நடு, கீழ் என்று மூன்று இருக்கிறது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடிப்பது இவற்றின் வேலை. உண்மையான மூக்குச்சதை, அதாவது பொலிப், இப்படிச் சிவந்திருக்காது. நுங்கு மாதிரி வெளிறி, வழுவழுப்பாக, ஒளி ஊடுருவுவதுபோல இருக்கும். தொட்டாலும் அவ்வளவாக நோகாது.

கண்ணாடியை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். அதைக் கிடையாக மேலுதட்டோடு சேர்த்துப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெல்ல மூச்சு விடுங்கள். இரண்டு ஆவித் திட்டுகள் படியும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சித்திரை வெயிலில் ஆவி படிந்தவுடனே மறைந்துவிடும்; கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் நன்றாகத் தெரியும். சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்தால் பலருக்குப் பெரிய திட்டு மற்றப் பக்கம் மாறியிருக்கும். டேர்பினேட்டுகள் பக்கம் மாறி மாறி வீங்கி வற்றுவதுதான் காரணம், இது நோய் இல்லை. பக்கம் சரிந்து படுத்தால் கீழே இருக்கும் பக்கம் அடைபடுவதும் இயல்புதான். எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம் மட்டும் சிறிதாக இருந்தால்தான் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

சைனஸ் எங்கே, வாசல் எங்கே

பீனிசம் என்று நாங்கள் சொல்வது சைனஸ் அறைகளில், அதாவது மூக்கைச் சுற்றி எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளில், வரும் அழற்சியை. கன்னங்களுக்குள் இரண்டு, நெற்றியில் இரண்டு, கண்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகளின் கூட்டம், எல்லாவற்றுக்கும் பின்னால் மண்டையின் நடுவில் இரண்டு. நெற்றி அறைகள் பிறக்கும்போது இருப்பதில்லை, வளர வளரத்தான் வரும். அதனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘நெற்றிப் பீனிசம்’ என்று சொல்லி நெற்றியில் மருந்து பூசிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

கன்னத்து அறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு அது சுமார் 15 மில்லிலீற்றர், அதாவது மூன்று தேக்கரண்டி கொள்ளும். அதன் வாசலோ சில மில்லிமீற்றர் அகலம்தான். அந்த வாசலும் அறையின் அடியில் இல்லை, கண்ணுக்குக் கிட்ட மேலே இருக்கிறது. நிமிர்ந்து இருக்கும்போது சளி தானாக வடியாது. உள்ளே இருக்கும் நுண்மயிர்கள்தான் அதை மேலே தள்ளி வாசலால் வெளியேற்றுகின்றன. தடிமன் வந்து வாசல் வீங்கினால், அல்லது புகையால் மயிர்கள் வேலை செய்யாவிட்டால், சளி தேங்கிவிடும். வலது கன்னம் பாரமாக இருந்தால் இடது பக்கம் சரிந்து படுங்கள். வலது அறை மேலே வர, அதன் வாசல் கீழ்நோக்கித் திரும்பும், வடிய வாய்ப்புண்டு.

அந்த அறையின் தளத்துக்கு அடியில்தான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. பீனிசத்தில் மேற்பல்லு வலிப்பது அதனால்தான். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் பல் டொக்டரிடமும் காட்டுங்கள்.

கழுவுவது

சோளகம் அடிக்கும் மாதங்களில் புழுதிக்கும், மிளகாய் வறுத்து இடிக்கும் நாட்களில் நெடிக்கும், நீண்ட நாள் பீனிசத்துக்கும் உப்புநீரால் கழுவுவதைப்போல உதவும் வீட்டு வேலை வேறில்லை. ஆனால் தண்ணீரில் கண்டிப்பாக இருங்கள். கிணற்றுத் தண்ணீரை, குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடவே கூடாது. நெக்லேரியா என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்குக்குள் போனால் நான் மேலே சொன்ன அந்த மெல்லிய எலும்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். 2024இல் கேரளத்தில் சிறுவர்கள் சிலர் இதற்குப் பலியானார்கள். மிக அரிதான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் குறைவு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இந்த ஆபத்து இல்லை. எங்கள் கிணறு சுண்ணக்கல்லில் ஊறிய நல்ல தண்ணீர், தலைமுறையாகக் குடிக்கிறோம் என்று சொல்லாதீர்கள். குடிப்பது வேறு, மூக்கு வேறு.

அரை லீற்றர் தண்ணீரைக் கேத்திலில் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதி எழும்பி ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். தானாக அணையும் மின்சாரக் கேத்தில் என்றால் பானையில் வைப்பது நல்லது. மூடியபடி ஆறவிடுங்கள். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு மூக்குக்குக் கெடுதி இல்லை. தெளிந்ததை ஊற்றினால் போதும். அதில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புத்தூள், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டுக் கலக்குங்கள். அப்பச்சோடாதான், பேக்கிங் பவுடர் இல்லை. உப்பு அயடின் சேராததாக இருந்தால் எரிச்சல் குறைவு. ஆனையிறவுக் கல்லுப்பு பாவிப்பதென்றால் பொடித்து அளவுங்கள். அதை முதலே தண்ணீரில் கரைத்து, மண்ணை வடித்துவிட்டுத்தான் கொதிக்க வைக்க வேண்டும்.

நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். கண்ணீரின் உப்பளவுக்குக் கிட்ட இருந்தால் சரி. உடம்பின் உப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 0.9. கடல்நீர் அதைவிட நாலு மடங்கு உப்பு. கசூரினாக் கடற்கரையில் குளிக்கும்போது மூக்கு எரிவது அதனால். வெறும் தண்ணீரும் எரியும், உப்புக் குறைவு என்பதால். அளவு சரியாக இருந்தால் எரியவே எரியாது. எரிகிறது என்று கைவிட்டவர்களிடம் நான் முதலில் கேட்பது உப்பைத்தான்.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே செய்யுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூக்குக் கழுவும் பிளாஸ்டிக் போத்தலையோ ஊசி கழற்றிய 20 மில்லிலீற்றர் சிரிஞ்சையோ எடுங்கள். பேசினுக்கு மேல் குனிந்து நில்லுங்கள். முகம் கீழே பார்க்க வேண்டும், அண்ணாரக் கூடாது. வாயைத் திறந்து வாயால் மூச்சு விடுங்கள். ‘ஆ…’ என்று மெல்லிய சத்தம் விட்டால் மெல்லண்ணம், அதாவது அண்ணத்தின் பின்பக்க மெத்தென்ற பகுதி, எழும்பும், தொண்டைக்குள் இறங்குவது குறையும். நுனியைத் துவாரத்தில் வைத்து, ஆரம்பத்தில் சொன்ன கோட்டின் வழியே காதைப் பார்த்துப் பிடித்து, மெல்ல அமுக்குங்கள். தண்ணீர் பின்னால் போய், நடுச்சுவரின் முடிவைச் சுற்றி, மற்றத் துவாரத்தால் வந்து விழும். கொஞ்சம் வாய்க்கு வந்தால் துப்புங்கள். பாதியை ஒரு பக்கமும் மீதியை மற்றப் பக்கமும் விடுங்கள்.

முடிந்ததும் குனிந்தபடி தலையை இடமும் வலமும் திருப்பி வடியவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிறகு குனியும்போது திடீரென்று தண்ணீர் கொட்டும். லேஞ்சியை வைத்து, இரண்டு துவாரமும் திறந்திருக்க, மெல்லச் சீறுங்கள். ஒன்றைப் பொத்திக்கொண்டு பலமாகச் சீறினால் சளி காதுக்கு ஏறும், ஏனென்றால் நடுக்காதின் குழாய் மூக்கின் பின்வாசலில்தான் திறக்கிறது. காது வலி இருக்கும் நாளில், மூக்கு முழுதாக அடைபட்டிருக்கும்போது, படுக்கப் போகும் நேரத்தில் கழுவ வேண்டாம். மிச்சத் தண்ணீரை மூடி வைத்து ஒரு நாளுக்குள் முடியுங்கள். போத்தலைக் கொதித்த தண்ணீரால் அலசி, திறந்தபடி காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த போத்தலில் கிருமி வளரும்.

மருந்து அடிப்பது

கழுவிப் பத்து நிமிடமாவது கழித்து அடியுங்கள். தலை சற்றே முன்னால் சாய்ந்திருக்கட்டும். இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. அப்படிப் பிடித்தால் நுனி தானாக வெளிப்பக்கம் திரும்பும். நடுச்சுவரில் அடித்துக்கொண்டிருந்தால் அது புண்ணாகி இரத்தம் வரும். அடித்ததும் ‘சர்’ என்று உறிஞ்ச வேண்டாம். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய் வாய் கைப்பதுதான் மிச்சம். ஸ்டீரொய்ட் மருந்து ஒரு நாளில் வேலை செய்யாது, ஒழுங்காகச் சில வாரம் அடிக்க வேண்டும். மாறாக, அடித்த நிமிடமே அடைப்பை எடுக்கும் சைலோமெட்டசோலின், ஒக்சிமெட்டசோலின் வகைகளை ஐந்து நாளுக்கு மேல் தொடாதீர்கள். விட்டவுடன் முன்னதைவிட மோசமாக அடைக்கும், திரும்ப அடிக்க வைக்கும். பாமசியில் போத்தல் போத்தலாக வாங்கி வருடக்கணக்கில் இதில் மாட்டிக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

வேது, பாம், இரத்தம்

நொச்சியிலை போட்டு வேது பிடிப்பது சுகமாகத்தான் இருக்கும். வளர்ந்தவர்கள் பிடிக்கட்டும். பிள்ளையைக் கொதிக்கும் பானையோடு போர்வைக்குள் விடவே வேண்டாம். பானை சரிந்து வெந்த பிள்ளைகளை ஆசுபத்திரியில் கண்டவர்கள் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மூக்கடைப்புக்குப் பூசும் பாமில் உள்ள மென்தோல் குளிர்ச்சியை உணர வைக்கிறதே தவிர அடைப்பைக் குறைப்பதில்லை. கைக்குழந்தையின் மூக்கில் பூசுவது ஆபத்து.

பங்குனி, சித்திரையில் மூக்கால் இரத்தம் வந்தால் அண்ணாரவோ தலையில் தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். அநேகமாக இரத்தம் வருவது நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் எட்டும் இடத்தில். அண்ணார்ந்தால் அது பின்வழியாகத் தொண்டைக்குப் போய் வயிற்றில் சேரும், பிறகு சத்தியாக வரும். உட்கார்ந்து, முன்னால் குனிந்து, எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். இடையில் விட்டு விட்டுப் பார்த்தால் கட்டாது. இரண்டு முறை பிடித்தும் நிற்காவிட்டால் ஆசுபத்திரிக்குப் போங்கள்.

தொண்டை

உப்புத் தண்ணீரால் கொப்பளித்தால் அது உள்நாக்கு, டொன்சில் இருக்கும் இடம் வரைதான் எட்டும். அதற்கு மேலே மூக்கின் பின்புறத்துக்கும், கீழே குரல்வளைக்கும் போகாது. தொண்டையில் சளி இறங்கிக்கொண்டே இருக்கிறது, காறிக் காறித் துப்புகிறேன் என்பவர்களுக்குக் கொப்பளிப்பதைவிட மூக்கைக் கழுவுவது பயன் தரும், வருவது மேலிருந்துதானே. குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால், அதுவும் சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பவர் என்றால், கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு இருக்காமல் காட்டுங்கள்.

சளி பச்சையாக வந்தவுடன் அன்ரிபயோட்டிக் கேட்க வேண்டாம். சாதாரண தடிமனிலும் நிறம் மாறும். பத்து நாள் கடந்தும் குறையாவிட்டால், அல்லது குறைந்து வந்தது திரும்பவும் காய்ச்சலோடு கூடினால் டொக்டரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்போடு கடும் தலையிடி, ஆள் தடுமாறிக் கதைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றச் சளி வந்தால் உள்ளே ஏதோ போட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பயறு, கடலை என்றால் தண்ணீர் பட்டு ஊதும், ஆகவே கழுவக் கூடாது. கிள்ளியாலோ ஊசியாலோ எடுக்கப் பார்த்தால் இன்னும் பின்னால் போகும், அந்த வழி தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் போகிறது. விளையாட்டுச் சாமானின் பொத்தான் பற்றரி என்றால் சில மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். இரவென்றாலும் விடியும்வரை இருக்காமல் உடனே கொண்டு போங்கள்.